உள்ளே பொருத்துவதா, வெளியே வைப்பதா

அசோல்ணா, கோவா
6 பிப்ரவரி 2000

அன்புள்ள ஃபிர்மீனோ,

நல்ல நாளையும் அமைதியான கடலையும் ஆண்டவர் உனக்குத் தரட்டும். நான் சுகம். உன் அக்கா பியேதாதுக்கு முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என்னை முந்திக்கொண்டு கோவிலுக்குப் போய், தூணுக்குப் பக்கத்தில் என் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். கேட்டால் முழங்காலைக் காட்டுகிறாள்.

முன்னறையைக் காலி செய்துவிட்டேன். உன் அப்பாவின் கட்டில் உள்ளே போய்விட்டது. ஜன்னலோரம் கம்ப்யூட்டர், பக்கத்தில் ஸ்கேனர், வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. இதுதான் கடைசி காண்ட்ராக்ட், டிசம்பரில் இறங்கினால் மறுபடி கப்பல் ஏறுவதில்லை என்று போகும்போது நீ சொன்னாயே, அதை நம்பித்தான் இவ்வளவும் செய்கிறேன். புத்தாண்டு முடிந்ததும் நாம் இரண்டு பேருமாகக் கடையைத் திறந்துவிடலாம்.

ஆள் வருமா என்று சந்தேகப்பட்டாய். இப்போதே வருகிறார்கள். கல்யாணப் படம், முதல் நற்கருணைப் படம், செத்துப்போனவர்கள் படம் என்று பையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். லண்டனிலும் குவைத்திலும் ஆள் இல்லாத வீடு நம் ஊரில் ஏது? எல்லாருக்கும் நகல் வேண்டியிருக்கிறது. நான் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டே போகிறேன். இப்போது கம்ப்யூட்டரின் வயிறு நிறைந்துவிட்டது. ஃபிளாப்பியில் ஒரு படம் அடங்கும், மிஞ்சினால் இரண்டு. ஆகவே படங்களைத் தட்டில் எழுதிக் கொடுக்கிற சி.டி. ரைட்டர் இல்லாமல் இனி ஒரு அடி நகர முடியாது. அது உன் பக்கம்தான் மலிவு.

வாங்குவதற்கு முன்னால் எப்படி இணைக்கிற வகை என்று பார்க்க வேண்டுமாம். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். மட்காவ் ஊரில் தாமோதரின் கம்ப்யூட்டர் கடையிலும் போய்க் கேட்டேன். நாலு வகை இருக்கிறது. ஒன்று, ஐ.டி.இ. என்கிற வகை. பெட்டிக்கு உள்ளேயே பொருத்துவது. இப்போதிருக்கும் சி.டி. டிரைவுக்குப் போகிற பட்டைக் கேபிளில் இன்னொரு வாய் சும்மா தொங்குகிறது, அதில் மாட்டிவிடலாம். இரண்டாவது ஸ்கஸி. நல்ல வேகம், ஆனால் அதற்குத் தனியாக ஒரு கார்டு வாங்க வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லும்போதே தாமோதரின் முகம் மலர்ந்ததால் அதை நான் அப்போதே தள்ளிவிட்டேன். மூன்றாவது, பிரிண்டர் செருகும் இடத்தில் செருகுவது. மகா மந்தம். எழுதும்போது நடுவில் ஒரு கணம் தடுமாறினாலும் சி.டி. தட்டு பாழ். நாலாவது யு.எஸ்.பி. என்று புதிதாக வந்திருப்பது. வெளியே மேஜையில் வைத்து ஒரு சின்ன வயரால் சேர்ப்பது. நம் கம்ப்யூட்டர் பழையது, அதில் அப்படி ஒரு துவாரமே கிடையாது.

ஆகவே உள்ளே பொருத்துவதையே வாங்கு. அட்டைப் பெட்டியின் மேல் ஐ.டி.இ. என்று எழுதியிருக்கும்.

தினமும் ஜெபமாலையில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன்.

உன்
லுதோவினா

*

மியாமி துறைமுகம்
12 மார்ச் 2000

என் லுதோவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடல் நீ வேண்டிக்கொண்ட மாதிரி அமைதியாக இல்லை, போன வாரம் கப்பல் பாரில் பாதிக் கண்ணாடிக் கோப்பைகள் போயின. ஆனால் நான் நன்றாக இருக்கிறேன். ஊழியர் சமையலறையில் ஒரு மங்களூர்க்காரன் சொர்பத்தேல் கறி செய்கிறேன் என்று கிளம்பி, பன்றிக்கறியில் வெள்ளைக்காரர் சாலட்டுக்கு ஊற்றுகிற வினிகரை ஊற்றிவிட்டான். உன் கையை நினைத்துக்கொண்டு ரொட்டியைத் தின்றேன்.

ரைட்டர் விஷயம். நான் விசாரித்த வரை வெளியே வைக்கிற வகைதான் நல்லது. உள்ளே பொருத்துவதென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும், திருகாணி கழற்ற வேண்டும். தாமோதர் கையை வைத்தால் இருப்பதும் போய்விடும். வெளியே வைப்பதென்றால் செருகினோம், எடுத்தோம். எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். இன்னும் இரண்டு வருடத்தில் எல்லாம் யு.எஸ்.பி.தான் ஆகப்போகிறது என்கிறார்கள்.

யோசித்துச் சொல். அக்காவின் காலுக்குத் தைலம் அனுப்புகிறேன், உன் இடத்தை விட்டுவிடச் சொல்.

ஃபிர்மீனோ

*

அசோல்ணா
10 ஏப்ரல் 2000

அன்புள்ள ஃபிர்மீனோ,

தவக்காலத்தின் கடைசி நாட்கள். வீட்டில் கறி கிடையாது, ஆகவே உன் மங்களூர்க்காரன் சொர்பத்தேலைக்கூட எண்ணிப் பார்த்துப் பாவம் கட்டிக்கொண்டேன்.

எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று எழுதியிருக்கிறாய். எங்கே கொண்டுபோக? முன்னறையிலிருந்து அடுக்களைக்கா? கடை ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, அதன் முன்னால் உட்காரப் போவது நாம் இரண்டு பேர். நான் வாதம் பண்ணுகிறேன் என்று நினைக்காதே. தாமோதரிடம் மறுபடி போய், பெட்டியைத் திறந்தால் ஆபத்தா என்று உன் சார்பாகவும் கேட்டேன். அவன் ஒரு பழைய பெட்டியைத் திறந்து என் கண் முன்னாலேயே மாட்டிக் காட்டினான். ஒரே பட்டையில் இரண்டு டிரைவ் தொங்கினால் ஒன்றை ஆண்டானாகவும் மற்றதை அடிமையாகவும் வைக்க வேண்டுமாம். அதற்கு நெல்மணி அளவில் ஒரு தொப்பி இருக்கிறது, அதை இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்கு மாற்றினால் போதும். இரண்டும் ஆண்டானாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “ரெண்டும் ஓடாது அக்கா. உங்க வீட்டுல எப்படி?” என்றான். எங்கள் வீட்டில் ஆண்டான் ஒன்பது மாதம் கடலில் இருப்பதால் அந்தத் தொந்தரவு வந்ததில்லை என்றேன். கடையே சிரித்தது.

இன்னொன்று, மின்சாரம். அங்கே வாங்கும் சாமானெல்லாம் நூற்றுப்பத்து வோல்ட். நம் ஊரில் கப்பல்காரர் வீடு ஒவ்வொன்றிலும் எரிந்துபோன மிக்ஸி ஒன்று பரணில் கிடக்கிறது, நம் வீட்டில் உட்பட. உள்ளே பொருத்துவது கம்ப்யூட்டரின் மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளும். அந்தக் கவலையும் இல்லை.

நான் சொன்னதையே வாங்கு. மற்ற எதிலும் நான் பிடிவாதம் பிடித்தவளில்லை, உனக்கே தெரியும்.

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. டிசம்பருக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று நான் எண்ணுவதில்லை. எண்ணினால் மெதுவாகப் போகிறது.

உன்
லுதோவினா

*

மியாமி துறைமுகம்
20 ஜூன் 2000

என் லுதோவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. வெளியே வைக்கிற வகையையே வாங்கிவிட்டேன். தள்ளுபடியில் வந்தது, மறுநாள் போனால் இருந்திருக்காது. என்னோடு வேலை செய்கிற நம் ஊர் சாந்தானோ காண்ட்ராக்ட் முடிந்து இறங்குகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். சாமான் பிரமாதம். நானே சோதித்துப் பார்த்துவிட்டேன். வயரைச் செருகியதும் அதுவே அடையாளம் கண்டுகொண்டது, காபி குடித்து முடிப்பதற்குள் தட்டு தயார். கம்ப்யூட்டரில் விண்டோஸ் 98 இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம்முடையதும் கிழமாகிவிட்டது, தாமோதரிடம் சொல்லி ஒரு புதுசு பார்த்து வை. மின்சாரத்துக்கு நம் வீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கவே இருக்கிறது.

ஒரு விஷயம் மறந்துவிடாதே. அட்டைப் பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மோகோலையும் எறிந்துவிடாதே. திரும்பக் கொண்டுவரும்போது வேண்டியிருக்கும்.

செயின்ட் ஜான் திருநாளுக்குக் கிணற்றில் குதிக்க இந்த வருடமும் நான் இல்லை. குதிக்கிற பையன்களுக்கு என் பங்காக ஒரு பாட்டில் கொடு.

ஃபிர்மீனோ

*

அசோல்ணா
30 ஜூலை 2000

அன்புள்ள ஃபிர்மீனோ,

மழை விடாமல் பெய்கிறது. இந்தத் தாளே ஈரமாக இருக்கிறது, மை பரவினால் பொறுத்துக்கொள்.

சாந்தானோவும் அவன் மனைவி அவுரோராவும் சாமானைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மழைக்காலத்துக் காய்ந்த மீனும் தேங்காய்க் குழம்பும் செய்து உட்காரவைத்தேன். சாந்தானோ சாப்பிடத் தொடங்கும் முன்பே, “அண்ணி, பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ரெண்டு தடவை சொல்லி அனுப்பினான்” என்றான்.

நான் சும்மாதான் கேட்டேன். “ஏன், டிசம்பர்ல அவன் வந்துட்டா அது எங்க போகப்போவுது?”

அவன் தட்டிலிருந்த மீனைப் பார்த்தான். அவுரோரா மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். எனக்கு எப்படித் தெரியுமென்றால், முதலில் மிதித்தது என் காலை.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு நான், கப்பலில் கேபினுக்குள் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ள விடுகிறார்களா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். கால் நீட்டவே இடமில்லாத இடத்தில் கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்றான். சொன்ன பிறகு அவன் முகம் மாறியது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தவன், வாசற்படியில் நின்று குடையை விரித்தபடி சொன்னான்.

“அண்ணி, நான் பொட்டலம் கொண்டாந்தவன். அதைப் பத்தி என்ன கேக்கணும்னாலும் அவன்கிட்டயே கேளுங்க.”

ஆகவே உன்னிடம் கேட்கிறேன்.

சாமானைத் தாமோதரிடம் தூக்கிக்கொண்டு போனேன். நம் கம்ப்யூட்டரில் அதை எந்த வகையிலும் சேர்க்க முடியாது என்று எனக்குத் தெரிந்ததையே சொன்னான். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் சேர்க்கலாம். நான் வேறொன்று கேட்டேன். உள்ளே பொருத்துவது மலிவு, வேகம், மேஜையில் இடமும் அடைக்காது, அப்படியிருக்க யார்தான் வெளியே வைப்பதை வாங்குகிறார்கள் என்றேன். “ரெண்டு எடத்துல வேலை இருக்கறவங்க வாங்குவாங்க அக்கா. ஒரு எடத்துலயே இருக்கறவங்களுக்கு எதுக்கு?” என்றான். அவன் உன்னை நினைத்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னான்.

நான் அதிகம் படித்தவளில்லை. கணக்கு எழுதிப் பழகியவள். வரவும் செலவும் ஒத்துப்போகாத நாளில் எனக்குச் சோறு இறங்காது. நீ கப்பலில் கம்ப்யூட்டர் இல்லாமல், விண்டோஸ் 98 இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்திருக்கிறாய். காபி குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறாய். டிசம்பரில் இறங்கிவிட்டால் மறுபடி போவதில்லை என்ற நீ, திரும்பக் கொண்டுவரப் பெட்டியைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறாய்.

எந்த வீட்டில் சோதித்தாய், ஃபிர்மீனோ? நண்பன் வீடு என்றால் நண்பன் பெயரை எழுது. நான் நம்புவேன். நம்புவதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்
லுதோவினா

*

மியாமி
3 செப்டம்பர் 2000

லுதோ,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். நீ நேராகக் கேட்டுவிட்டதால் நேராகச் சொல்கிறேன்.

துறைமுகத்துக்கு வெளியே நாங்களெல்லாம் வீட்டுக்கு போன் போடுகிற கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவள் பெயர் நூபியா. ஹோண்டுராஸ்காரி. கப்பல் கரையில் நிற்கிற நாளெல்லாம் நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். இது மூன்றாவது வருடம். ரைட்டரைச் சோதித்தது அங்கேதான்.

உன்னை விட்டுவிட வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இதை நீ நம்பாமல் போகலாம். நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு என்றுதானே ஓடியது? நீயும் அதற்குப் பழகிவிட்டாய். இனியும் அப்படியே ஓடட்டும் என்று நினைத்தேன். கப்பலுக்குப் பதில் இங்கே இருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம், யாருக்கும் எதுவும் தெரியாது என்று நினைத்தேன். கடையை நீ நடத்து, வரும்போது நான் கூட இருக்கிறேன். நீ சொன்ன படத்தட்டு யோசனையை நூபியாவிடமும் சொன்னேன். கப்பல்காரர்கள் எடுக்கும் படங்களைத் தட்டில் போட்டு வீட்டுக்கு அனுப்ப அவள் கடையிலும் ஆள் வரும். இரண்டு இடத்துக்கும் ஒரே ரைட்டர் போதுமே என்றுதான் வெளியே வைப்பதை வாங்கினேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

டிசம்பரில் வருவேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. வந்து உன் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. வராமல் இருக்கவும் மனமில்லை.

என்னைத் திட்டு. ஆனால் அக்காவிடமும் பங்குச் சாமியாரிடமும் சொல்லிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஃபிர்மீனோ

*

அசோல்ணா
19 நவம்பர் 2000

ஃபிர்மீனோ,

உன் கடிதம் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது. தினமும் காலையில் எழுதலாம் என்று உட்கார்ந்து, அரிசி களையப் போய்விடுவேன்.

சாந்தானோ போன மாதம் கப்பலேறினான். அவன் கையில் ரைட்டரைக் கொடுத்தனுப்பினேன், கிடைத்திருக்கும். நீ சொன்னபடியே பெட்டி, தெர்மோகோல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. இங்கே அது ஒரு நாளும் ஓடவில்லை.

வாங்கி வைத்திருந்த படங்களையெல்லாம் அவரவர் வீட்டுக்கு நடந்து போய்த் திருப்பிக் கொடுத்தேன். தாமோதர், உள்ளே பொருத்துவது ஒன்று வந்திருக்கிறது அக்கா, பணத்தை மெதுவாகக் கொடுங்கள் என்றான். வேண்டாம் என்றேன். தனியாக நடத்தலாமே என்று நீயும் நினைப்பாய். நடத்தலாம். வேலையெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடைக்கு நான் ஆசைப்பட்டதே இல்லை. நீ வீட்டில் தங்குவதற்கு ஒரு வேலை வேண்டுமே என்றுதான் அதைக் கண்டுபிடித்தேன். உன் அப்பாவின் கட்டில் மறுபடி முன்னறைக்கு வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் குரல் எனக்குத் தெரியும். நீ போனில் பேசும்போது, நேரம் முடிந்தது என்று பின்னாலிருந்து சொல்வாள். மரியாதையான குரல். சொல்லிவிட்டும் நம்மைக் கொஞ்சம் பேச விடுவாள். யார் பெற்ற பிள்ளையோ, நல்ல மனசு என்று அவளுக்காக அருள் நிறைந்த மந்திரம் சொல்லியிருக்கிறேன். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. சாமியாரிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அது உனக்காக அல்ல. சொன்னால் அது உண்மையாகிவிடும். அவுரோராவுக்குத் தெரியும், ஆனால் அவள் என்னைப் பார்க்கும்போது மீன் விலையைப் பற்றியே பேசுகிறாள். நானும் மீன் விலையைப் பற்றியே பேசுகிறேன்.

வீடு வீடாகச் சுற்றிவரும் மாதா சொரூபம் போன வியாழக்கிழமை நம் வீட்டுக்கு வந்தது. அக்கம்பக்கத்து வாட்டுக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். முன்னறையில் மெழுகுத்திரி ஏற்றி, கட்டிலின் மேல் வெள்ளை விரிப்புப் போட்டு, ஜெபமாலை சொன்னோம். முடிவில் வழக்கம்போலக் கடலில் இருப்பவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம். வீட்டுக்காரி என்பதால் நான்தான் தொடங்க வேண்டும். நீ இருப்பது கடலிலா அவள் வீட்டிலா என்று தெரியாமல் எனக்கு வாய் எழவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். கணவனை நினைத்துத் தொண்டை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டு உன் அக்காவே தொடங்கிவிட்டாள்.

பிறகு அவித்த கடலையும் வெல்லக்காப்பியும் கொடுக்கும்போது அவள் எல்லார் முன்னாலும் கேட்டாள். “எங்க ஃபிர்மீனோ எப்பம்மா வர்றான்? டிசம்பர்னு சொன்னியே.”

“காண்ட்ராக்ட் நீட்டிட்டாங்க” என்றேன்.

அவ்வளவுதான். ஒருவரும் மறு கேள்வி கேட்கவில்லை. “கம்பெனிக்காரன் புத்தியே அதுதான்” என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நம் ஊரில் எந்த வீட்டிலும் அந்தப் பதிலைச் சந்தேகப்பட்டவர் கிடையாது. இத்தனை வருடத்தில் எத்தனை வீட்டு வாசலில் நானே அதைக் கேட்டுத் தலையாட்டியிருப்பேன் என்று அப்போதுதான் நினைத்தேன். அந்த வீட்டுப் பெண்களில் எத்தனை பேருடைய கணவன் நிஜமாகவே கடலில் இருந்தான் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் அதைக் கேட்டு எழுதவில்லை. திருமணம் திருமணம்தான், நான் உயிரோடு இருக்கும்வரை அதை அவிழ்க்க மாட்டேன். நீ வரவும் வேண்டாம். ஒரே ஒரு உதவி மட்டும் செய். எல்லாரும் போன பிறகு பியேதாத் எந்த மாதம் என்று விடாமல் கேட்டதால் மார்ச் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் ரொட்டிக்காரன் கேட்டபோது வாய் தவறி மே என்று சொல்லிவிட்டேன். அவன் எல்லா வாசலிலும் சைக்கிளை நிறுத்துகிறவன். ஆளுக்கொரு மாதமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஞாபகமும் நிற்பதில்லை.

நீயே ஒரு மாதத்தை எழுதி அனுப்பு. கேட்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறேன். அந்த மாதம் போய்விட்டால் அடுத்ததை நான் பார்த்துக்கொள்கிறேன்.

லுதோவினா